இடது பக்கம் வைத்த ஸ்பூன்

மதியம் ஒன்றரை மணிக்குக் கண்ணாடிக் கடையில் ஈ, காக்கை இருக்காது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு கையால் டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டபடி, மறு கையால் போனைத் தள்ளித் தள்ளி, நான் இதுவரை கால் வைக்காத ஒரு தீவில் ஓட்டல் தேடிக்கொண்டிருந்தேன். தம்பியும் அவனுடைய புது மனைவியும் அந்தத் தீவுக்குத் தேனிலவு போகிறார்கள். அங்கே அவர்கள் ஒருநாள் இரவு உட்கார்ந்து சாப்பிட ஒரு நல்ல இடம் பார்த்து, முன்னாலேயே ஏற்பாடு செய்து, அதை என் கல்யாணப் பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். குத்துவிளக்கு, மிக்ஸி, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. போன கல்யாணத்தில் வந்தவை.

மூன்று ஓட்டல்கள் தேறின. முதலாவது கடலுக்கடியில் ஒரு கண்ணாடி அறை. நாம் மீன் தின்பதை மீன்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்குமாம். படத்தைப் பார்த்தபோதே எனக்குத் தொண்டையில் முள் குத்தியது. இரண்டாவது மணலில் தீப்பந்தம் நட்டு மேசை போடுகிற இடம். மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வயலின் வாசிப்பார். தம்பிக்கு யாராவது பக்கத்தில் நின்றாலே சோறு இறங்காது. மூன்றாவது, கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் கடைசியில் எட்டே மேசை போட்ட சின்ன இடம். கூரை, விளக்கு, சுற்றிலும் தண்ணீர், அவ்வளவுதான்.

கடையில் கண் பரிசோதிப்பவர் எட்டிப் பார்த்தார். அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிடும், அவரும் மறுப்பதில்லை.

"தேனிலவு போறவங்களுக்குச் சாப்பாடா ஞாபகம் இருக்கப் போகுது? ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கிக் குடுங்க. கரன்ட் போனா உதவும்."

"உங்க கல்யாணத்துக்கு யாரோ அப்படித்தான் குடுத்திருக்காங்க போல," என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவருக்குத் தெரியாது, எனக்கு இது விளையாட்டில்லை என்று. கல்யாணத்துக்கு முந்தின வாரம் டீச்சர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். தம்பியின் புது மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவள். கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துவிட்டு, கடைசியில் நின்றுகொண்டே பேசினாள். "இந்த வீட்டுல நான் எங்க உட்கார்ந்தாலும் அவங்க இடத்துல உட்கார்ற மாதிரி இருக்குக்கா. எனக்குன்னு ஒரு இடம் இருக்கான்னு தெரிஞ்சா வர்றேன். இல்லைன்னா நாங்க வேற வீடு பார்த்துக்கறோம். தேனிலவு போயிட்டு வந்து சொல்றேன்." அவள் குரலில் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அவள் சொன்ன 'அவங்க' சிட்டு. தம்பியின் முதல் மனைவி. குருவி மாதிரி இருப்பாள், பேச்சும் அப்படித்தான் என்பதால் நான் வைத்த பெயர். ஆறு வருஷம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். காலையில் அவளுக்கும் சேர்த்து நான்தான் டிபன் பாக்ஸ் கட்டுவேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் தேய்க்கப் போனவள் வாஷ்பேசின் பக்கத்திலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அன்றைக்குக் கட்டிய டிபன் பாக்ஸ் மாலைவரை சமையல் மேடைமேல் இருந்தது. அதற்குப் பிறகு தம்பி சாப்பாட்டு மேசையில் உட்காரவே மூன்று மாதமானது. அந்தத் தம்பி மறுபடியும் சிரிக்கிறான், டீச்சரால். அவனும் போய்விட்டால் அத்தனை பெரிய வீட்டில் நானும் சுவர்களும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நேரம் வாய்க்கவில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

ஆகவே அந்த மரப்பாலத்து ஓட்டலைப் பிடித்தேன். நடத்துகிற அம்மாளுக்கு நம் பேச்சு வந்தது. எந்தக் காலத்திலோ போய்க் குடியேறிய குடும்பமாம். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல் பேசினாள். "எங்க கிட்ட மெனு கிடையாதுங்க. பரிசு குடுக்கறவங்கதான் சொல்லணும். சாப்பிடப் போறவங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது, எப்படி உட்காருவாங்க, எல்லாம். அத வச்சுத்தான் சமைப்போம்." எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உன்னைத் தெரிந்துகொண்டுதான் கொடுக்கிறேன் என்று டீச்சருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று நினைத்தேன்.

கேள்விகள் போனில் ஒன்றொன்றாக வந்தன. அன்றைக்குப் பார்த்து நாலு கண்ணாடி மாலைக்குள் தேவை என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவில், ஈரக் கையைத் துடைத்துத் துடைத்துப் பதில் எழுதினேன். தம்பிக்குக் கத்தரிக்காய் ஆகாது, சூப் ஆறிப் போகக் கூடாது. மணப்பெண்ணுக்கு... கை தானாக ஓடியது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து, விருந்து நாளன்று மூன்றரை மணி இருக்கும். தீவில் கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது; அங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும், அவர்கள் மேசைக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குள்ளேயே ஒரு சந்தோஷம். கண்ணாடி வாங்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி நோட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். சிட்டு மாதிரியே மணிக்கட்டை வளைத்துக்கொண்டு. அட, இவளும் இடது கை, என்று சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றது. போனை எடுத்து என் பதில்களைப் படித்தேன்.

'இறால் ஒத்துக்கொள்ளாது. பச்சை வெங்காயம் வேண்டாம். இடது கை பழக்கம், ஸ்பூனை இடது பக்கம் வைக்கவும். இனிப்பை முதலில் கொடுக்கவும், கடைசியில் கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். கடலைப் பார்த்து உட்கார வைக்கவும்.'

இதில் ஒரு வரிகூட டீச்சர் இல்லை. எல்லாம் சிட்டு. இருபது வருஷத்தில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டியவள் இல்லை நான். இறந்தவளுக்குச் சாப்பாடு சொல்லி, இருப்பவளை அங்கே உட்கார வைத்திருக்கிறேன்.

ஓட்டலுக்குப் போன் போட்டேன். பின்னால் தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம் கேட்டது.

"நான் எழுதினதெல்லாம் தப்புங்க. அந்தப் பொண்ணுக்கு இல்ல அது. நிறுத்துங்க."

"சாப்பிட ஆரம்பிச்சாச்சுங்களே."

"நான் என்ன எழுதினேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம். ஏதாவது சமாளிங்க."

"நீங்க எழுதினத ஒரு பேப்பர்ல எழுதித் தட்டுக்குக் கீழ வச்சுடுவோம். படிச்சுட்டுத்தான் சாப்பிடணும். எங்க பழக்கம் அது."

"படிச்சாங்களா?"

"ரெண்டு தடவ படிச்சாங்க. மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் இடது கையில ஸ்பூனை எடுத்தாங்க."

"அவங்க வலது கைக்காரங்க."

அந்த அம்மாள் திரும்பி அவர்கள் மேசையைப் பார்க்கிறாள் போலிருந்தது.

"இல்லைங்க. பழக்கம் இல்லாதவங்க சிந்துவாங்க. இந்த மேசைகள்ல நான் எவ்வளவோ பேரப் பார்த்திருக்கேன். இவங்க ஒரு சொட்டு சிந்தல." பிறகு, சாதாரணமாகச் சொல்வதுபோல், "இனிப்புல பாதிய உடைச்சு, அவர் பார்க்காதப்ப அவர் தட்டு ஓரத்துல வச்சாங்க. அவர் அதப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டாரு," என்றாள்.

பேப்பரில் அது இல்லை. நான் எழுதவில்லை. எழுதத் தோன்றியதுகூட இல்லை. ஆறு வருஷம், ஒவ்வொரு பண்டிகைக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சிட்டு அதைச் செய்வாள். வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லிப் பாதியை அவன் தட்டுக்குத் தள்ளுவாள். மேசையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் கண்டது அது. டீச்சரிடம் தம்பி சொல்லியிருப்பானோ? இப்படிப்பட்டதைப் புது மனைவியிடம் எவன் சொல்வான்? கடையில் பட்டப்பகல் வெயில், தெருவில் ஹாரன், டாக்டர் யாரையோ எழுத்துகளை மேலிருந்து கீழே படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் முகம் மஞ்சளாக இருந்தது.

"அக்கா," என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் இதே மாதிரி ஒருதடவை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருக்கிறான். டீச்சர் அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர், தப்புப் பண்ணிட்டேன். வேணும்னு பண்ணல. கை பழக்கத்துல..."

"தெரியும்க்கா. வேணும்னு எழுதியிருந்தா இவ்வளவு ஆசையா எழுதியிருக்க மாட்டீங்க." அவள் குரல் களைத்திருந்தது, காய்ச்சல் விட்டு எழுந்தவள் மாதிரி. "படிச்சதும் கோபம் வந்துச்சு. எழுந்து போயிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் பார்த்தா ஸ்பூன் கையில இருக்கு. நான் எடுக்கல. கீழ வச்சிருக்கலாம். வைக்க மனசு வரல. அவ்வளவு பசியோட சாப்பிடறாங்க. ஒரு வேளைதானே, சாப்பிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"யாரு சாப்பிடறாங்க?"

தட்டைக் காட்டினாள். வழித்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"எல்லாம் சாப்பிட்டாச்சு," என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "ஆனா எனக்குப் பசிக்குதுக்கா. காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடாத மாதிரி பசிக்குது. எனக்கு ஒரு வாய்கூடப் போகல."

பயமாக இருந்தது. பயத்துக்கு மேலே வெட்கமாக இருந்தது. எட்டு மாதமாக இவளைத் தெரியும். வீட்டுக்கு ஏழெட்டுத் தடவை வந்து சாப்பிட்டிருக்கிறாள். பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒருதடவைகூட நான் கேட்டதில்லை. மேசைமேல் கிடந்த, கண்ணாடிப் பவர் எழுதும் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தேன்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்? சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பரீட்சையில் கேள்வி எளிதாக வந்துவிட்ட பிள்ளை மாதிரி வேகவேகமாகச் சொன்னாள். "காரம். நல்ல காரம். பச்சை வெங்காயம் நிறைய. இறால்னா உயிரு. இனிப்பு பிடிக்காது, உங்க வீட்டுல பாயசத்த மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிருக்கேன். அப்புறம் இந்தக் கடல்... தலை சுத்துதுக்கா. வந்ததுல இருந்து சொல்லல. இவரு இவ்வளவு ஆசையாக் கூட்டிட்டு வந்தாரு."

"பாயசத்தையா?" என்றேன். என்னையறியாமல் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, அழுகையோடு.

ஓட்டல் அம்மாளைக் கூப்பிடச் சொல்லி, எழுதியதை வரிவரியாக வாசித்தேன். ஸ்பூன் வலது பக்கம் என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவள் நிதானமாக எழுதிக்கொண்டாள்.

"போன பேப்பர்ல பேர் இல்லைங்க. மணப்பெண்ணுன்னுதான் இருந்துச்சு. இதுல என்ன பேர் போடட்டும்?"

சொன்னேன். டீச்சர் என்று சொல்லவில்லை. அவள் பெயரை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் நிமிர்ந்து போனைப் பார்த்தாள்.

எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கடலுக்கு முதுகு காட்டி இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி போனை மேசை ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரியும்படி தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான். வைக்கச் சொன்னது நான்தான், அவள் சாப்பிடுவதைப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. தட்டு வந்தது. வலது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். மேசையெல்லாம் சிந்தினாள், காரத்தில் மூக்கு வடிந்தது. தம்பி மூக்கைத் துடைக்க ஒரு டிஷ்யூவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். இத்தனை நேரத்தில் அவன் அசைந்தது அப்போதுதான்.

"என்னக்கா அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள் வாய் நிறைய.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு," என்றேன். வீட்டுக்கு வருவாயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும்.

அவளுக்குப் பின்னால் கடல் முழுக்க இருட்டிவிட்டிருந்தது. அந்த அம்மாள், அவள் எழுந்து வந்த பக்கம் போனாள், காலித் தட்டை எடுக்க. கையை நீட்டினவள் நிறுத்திக்கொண்டாள். காலி நாற்காலியின் பக்கம் கொஞ்சம் குனிந்து, என் காதில் விழாத குரலில் ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, தட்டை அங்கேயே விட்டு, தம்ளரில் மட்டும் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போனாள்.