மணலுக்குள் போன மீன்

என்னைக் கட்டிக்கொள்வதற்கு என் வீட்டுக்காரர் அரைமணி நேரம்கூட யோசித்திருக்க மாட்டார். ஒரு மீன் வாங்குவதற்கு மாதக்கணக்கில் யோசிப்பார். பவழத்தைக் கடிக்குமா, இறாலைத் தின்னுமா, பயந்த சுபாவமா, அடாவடியா, ஏற்கெனவே இருக்கிறவற்றோடு ஒத்துப்போகுமா என்று அலசு அலசு என்று அலசுவார். நான் மாமியாரோடு ஒத்துப்போவேனா என்று யாரும் இப்படி விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி. ஆள் படுத்தால் கால் நீட்டலாம், உயரம் என் நெஞ்சுக்கு வரும். உப்புக் கரைத்த தண்ணீர், பாறைகள், பாறைகள்மேல் பவழங்கள், அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மணல். சோபா எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது. பல் செட் செய்யும் இடத்தில் இவருக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பல்லை அரத்தால் ராவுகிற மனுஷனுக்குப் பொறுமைக்கு என்ன குறைச்சல்? வீட்டுக்கு வந்து மிச்சப் பொறுமையையும் தொட்டியிலேயே கொட்டிவிடுவார். எனக்கு ஒரு சொட்டு மிஞ்சாது.

மணலைக் கிளறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒருதடவை என் அண்ணன் விளையாட்டாக ஒரு குச்சியை உள்ளே விட்டான். இவர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார். கண்ணாடி வழியாக மணலின் அடியில் ஓடிய கறுப்புக் கோட்டைக் காட்டினார்.

"அது விஷம் மச்சான். அடியில அடங்கிக் கெடக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல. கெளப்பிவிட்டா அத்தன மீனும் போயிடும்."

"வீட்டுக்குள்ளயே விஷத்த வெச்சிருக்கீங்களா மாப்ள?" என்று அண்ணன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

எங்கள் மகள் போன மறுவருஷம் வந்தது இந்தத் தொட்டி. ஏழு வயது அவளுக்கு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதைக்கும்போது இவர் குழியோரம் உட்கார்ந்துகொண்டு, "மூடாதீங்க, ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றார். பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். "நேரமாச்சு மாப்ள" என்று தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு இவர் அவளைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அழுததும் இல்லை. வேலை முடிந்து வந்தால் மொட்டைமாடிக்குப் போய்ச் சுவரோரம் நிற்பார். துணி எடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போவேன். காயாத துணியை எத்தனை நாள் எடுத்து வந்திருக்கிறேன்! தொட்டி வந்த பிறகுதான் அந்த மாடிப் பழக்கம் நின்றது. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். அதனால் மீன், மீன் என்று நான் எவ்வளவு கரித்துக் கொட்டினாலும், உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தொட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. தொட்டி போனால் இவரும் போய்விடுவார்.

செத்த மீனை மட்டும் இவர் பார்க்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையை என்னிடம் நீட்டுவார். எடுத்துப் போடுவது என் வேலை.

கடைசி மீனை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். எங்கள் தெருமுனைக் கடைதான். கடைக்காரர் கையில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும். ஒரு மஞ்சள் மீனைக் காட்டினார்.

"சார், இத எடுத்துக்கங்க. எல்லார் வீட்லயும் இருக்கு. ஒரு தொந்தரவும் குடுக்காது."

"வேற காட்டுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், மஞ்சளுக்கு என்ன கொறச்சல்? உலகத்துல யார்கிட்டயும் இல்லாத மீனுதான் வேணுமாக்கும் தொரைக்கு!"

இவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது எலுமிச்சம்பழம்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்று எங்கள் மகள் வைத்த பெயர் அது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டது பம்பரம். கருநீலம் மைப்புட்டி. இந்தக் கடையில் அவள் பெயர் வைக்காத மீனே கிடையாது. இவர் இதுவரை வாங்கி வந்ததையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இறாலோடு ஒரே பொந்தில் குடித்தனம் நடத்துவது, குகைக்குள் தலைகீழாக நீந்துவது, ஊசி மாதிரி மூக்குள்ளது. அவள் பார்த்தது அதில் ஒன்றுகூட இல்லை. அபூர்வ மீன் பைத்தியம் என்று இவரைத் தெரிந்தவர்களிடமெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைக்காரர் உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். விரல் நீளம், உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி. இவர் வழக்கம்போல, சாப்பிடுகிறதா என்று காட்டச் சொன்னார். கண்முன் தின்னாத மீனை இவர் வாங்கியதே இல்லை. அது கொத்திக் கொத்தித் தின்றது.

"ஒரு விஷயம் சார்" என்றார் கடைக்காரர். "புது எடத்துல விட்டா இது பயந்துக்கிட்டு மணலுக்குள்ள போய்ப் படுத்துரும். வாரக்கணக்குலகூட வராது. செத்துருச்சோன்னு தேடிடாதீங்க. தானா வரும்."

"தெரியும்" என்றார் இவர்.

நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க, குளியலறையில் ஒரு சின்னத் தொட்டியில் ஒரு தட்டு மணலோடு அதைத் தனியாக வைத்திருந்தார். நான் குளிப்பதை ஒரு மாதத்துக்கு மேல் அது பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கூடத்துக்கு மாற்றினார். பெரிய தொட்டியில் விட்டதும் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. தலையைக் குத்தி மணலுக்குள் போய்விட்டது.

"வரும்" என்றார்.

வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. இவர் தரையில் படுத்துக் கண்ணாடியோரம் கன்னத்தை வைத்துக்கொண்டு மணலையே பார்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டு ஆறிக் கிடக்கும். 

"தேடாதீங்கன்னு கடைக்காரர் சொன்னாருல்ல?"

"ஆமா."

"அப்புறம் என்ன? எழுந்து சாப்பிடுங்க."

"உள்ள மூச்சு விட முடியுமா அதுக்கு?"

"கடல்ல பண்றதத்தான இங்கயும் பண்ணுது? சோறு ஆறுது, வாங்க" என்றேன். மீனைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் ஒரு மண்டு.

மறுநாள் நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் நல்ல கூட்டம். பில் போட்டுப் போட்டு விரல் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். படியேறும்போதே அழுகிய முட்டை நாற்றம். கதவு சும்மா சாத்தியிருந்தது.

பாறைகளெல்லாம் தரையில் கிடந்தன. பவழங்கள் சுருங்கிப்போயிருந்தன. தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன, பாதி மல்லாந்துவிட்டன. இவர் முக்காலிமேல் நின்றுகொண்டு, தோள் வரை நனைந்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி வைத்திருந்தார். மணல் ஒரு மூலை விடாமல் தோண்டப்பட்டிருந்தது. மாற்றி ஊற்ற ஒரு டிரம் உப்புத்தண்ணீர்தான் கைவசம் இருந்தது. அதைப் பாதி ஊற்றிப் பார்த்திருக்கிறார். அது எந்த மூலைக்கு?

தொட்டி போய்விட்டது. முதலில் என் கண் போனது மாடிக் கதவுக்குத்தான். பூட்டியிருந்தது. பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

நீட்டிய கையைத் திறந்தார். புள்ளி மீன் அசையாமல் கிடந்தது.

"உசுரோடதான் இருந்துச்சு" என்றார். "தோண்டி எடுத்தப்ப கையில துள்ளுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. மறுபடி தண்ணிக்குள்ள விட்டேன், அப்புறம்தான்..."

"சரி, எறங்குங்க."

"உள்ள உசுரோடதான் இருந்துச்சு." என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நாம சரியாப் பாத்தோமா?"

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் காலையில் ஊசி மருந்து வாங்கிவரச் சொல்லி இவரைக் கீழே அனுப்பியிருந்தார்கள். மருந்தோடு திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். இத்தனை நாளும் இந்த மனுஷன் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டா என் பக்கத்தில் படுத்திருந்தார்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்காத இவர்மேல், சொல்லாத என்மேல்.

முக்காலியிலிருந்து இறக்கி உட்காரவைத்தேன்.

"நான் பாத்தேன். நீங்க மருந்துக்குப் போனப்ப நான்தான் கையப் புடிச்சிட்டிருந்தேன். மூச்சு நின்னது எனக்குத் தெரிஞ்சுது. டாக்டர் வந்து பாத்தாரு. அப்பவும் நான் விடல. கை ஜில்லுன்னு ஆகி, வெரச்சுப்போற வரைக்கும் விடல. அவ என் கையிலயே போயிட்டா. நாம உசுரோட மூடல."

தண்ணீரில் ஏதோ ஒன்று துள்ளி அடங்கியது.

"எதாவது கேட்டாளா?"

"தண்ணி கேட்டா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"குடிச்சாளா?"

"ரெண்டு வாய் குடிச்சா. அப்பா எங்கன்னு கேட்டா. இதோ வந்துருவார்னு சொன்னேன்."

அப்போதுதான் அழுதார். ஈரத் தரையில் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழாததையும் குழியோரம் அழாததையும் சேர்த்து அழுதார். நானும் அழுதேன். அந்த நாற்றத்திலும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு நான்தான் எழுந்து வாளியையும் வலையையும் எடுத்தேன். அது என் வேலையாயிற்றே. இவர் கையை நீட்டி வலையை வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, திருப்பி, செவுளைத் தூக்கி, நன்றாகப் பார்த்த பிறகுதான் வாளியில் வைத்தார். இருட்டிவிட்டது. நான் விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை நேரமாச்சு என்று யாரும் சொல்லவில்லை.