ஒரு குழந்தையும் இறக்கவில்லை

டெங்கு வந்த குழந்தைகளை வீட்டில் வைத்துக் கவனித்தாலே போதும், அப்படிக் கவனித்ததில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை என்று ரஞ்சனாவும் அவளுடைய மேலதிகாரி குருமூர்த்தியும் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். பல டாக்டர்கள் அதைப் பின்பற்றத் தொடங்கியபோது கொல்கத்தாவின் காளிகாட் பகுதி டாக்டர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் ஆய்வில் இருந்த சிறுமி மிட்டு இறந்துவிட்டாள். இறப்புச் சான்றிதழ் கொடுத்தவன் நான்.'

ரஞ்சனா மத்தியானமே அலிப்பூர் அலுவலகத்திலிருந்து கிளம்பிப் போனாள். காளி கோயிலுக்குப் பின்னாலிருந்த சந்தில், மிட்டுவின் தாய் ஷிபானி கதவைத் திறந்தாள்.

"போயிட்டா. ஜுரம் விட்ட மறுநாளே," என்றாள் வங்காள மொழியில்.

"அடுத்த வாரம் நாங்க போன் பண்ணினோமே. நல்லா இருக்கறதா பதில் வந்திருக்கு."

"யார் சொன்னா? போனை அணைச்சுப் போட்டுட்டு அண்ணன் வீட்டுல கிடந்தேன்."

அழைப்புகளின் ஒலிப்பதிவு அலுவலகத்தில் இருந்தது. குருமூர்த்தியும் ரஞ்சனாவும் சேர்ந்து கேட்டார்கள். ஊழியரின் கேள்வி. கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒரு குழந்தைக் குரல்: "நான் நல்லா இருக்கேன். அம்மா ஏன் அழறா?" ஊழியர் 'நலம்' என்று குறித்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போயிருந்தார்.

"வேற குழந்தை ஏதாவது போனை எடுத்திருக்கும்மா," என்றார் குருமூர்த்தி.

"நம்பர் சரியாத்தான் இருக்கு சார்."

அவர் பதிவை மறுபடி ஓடவிட்டார். "திருத்தத்துல பிழைக்குக் காரணம்னு என்னத்த எழுதறது?"

மறுநாள் ரஞ்சனா தயங்கித் தயங்கி அதை ஷிபானியிடம் போட்டுக் காட்டினாள். ஷிபானி அழவில்லை. "அவதான்," என்றாள். பிறகு மெதுவாக, "அவ போயிட்டதை அவகிட்ட யாருமே சொல்லலையா?" என்று கேட்டாள்.

ரஞ்சனா பதிவை நிறுத்தினாள்.

ஆய்விலிருந்த மற்ற குழந்தைகளை வீடு வீடாகப் போய் நேரில் பார்த்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். திருத்தம் வெளியானது: ஒரு குழந்தை இறந்திருக்கிறது, வீட்டுக் கவனிப்பே போதும் என்ற முடிவைத் திரும்பப் பெறுகிறோம், ஜுரம் விட்ட பிறகும் டாக்டர் பார்க்க வேண்டும். காரணம், தொலைபேசித் தகவலைச் சரிபார்க்காதது. குருமூர்த்தி மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

ரஞ்சனா அதை எடுத்துப்போய் ஷிபானிக்கு வங்காள மொழியில் சொன்னாள்.

"அவ பேரு இல்லையே?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க அக்கா."

ஷிபானி எழுந்து உள்ளறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். காலிக் கட்டிலில் கொசுவலை கட்டியபடியே இருந்தது.

"நீங்க பேரோட சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

ரஞ்சனா கட்டிலைப் பார்த்துக்கொண்டே முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.