பின்வளவு ஆறாயிரம் அடி

1986ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு வாடகை வீட்டின் பின்வளவு ஆறாயிரம் அடி உயர்ந்தது. காரணம் ஸ்ரீஸ்கந்தராஜா. அதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. யாராவது கேட்டால், வளவு வளர்ந்த அளவுக்குத் தன் சம்பளம் வளரவில்லையே என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்வார். மேல்மாடி அறையில் குடியிருந்த கமலாம்பிகை, தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் பாரிசுக்குப் போகும்போது, தன் கறிவேப்பிலைக் கன்றைக் கீழறைக்காரரான இவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்தத் தெருவில் வேறு கறிவேப்பிலை கிடையாது. இடைக்கிடை தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அது போதவில்லை. கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊற்றினால் செழித்து வரும் என்பது தமிழராய்ப் பிறந்த எவருக்கும் தெரிந்த சங்கதி. அவர் வேலை செய்ததோ விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில். திகதி கடந்த தயிர்க் கோப்பைகள் அங்கே மூட்டை மூட்டையாய்க் குப்பைக்குப் போகும். கன்றைச் சட்டியிலிருந்து எடுத்துப் பின்வளவில் நட்டு, ஷிப்ட் முடிந்ததும் அந்தத் தயிர் முழுவதையும் சுமந்து வந்து அதற்கு அபிஷேகம் செய்தார். கமலாம்பிகைமேல் இருந்த பிரியத்தைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

கன்று செத்தது. மண் புளித்து, கிட்டப் போனாலே பல் கூசியது. பிறகு அந்த இடத்தில் பைன் நாற்றுகள் தலைகாட்டின. அவை மலைப் பைன்கள். மலைப் பைனுக்கு மலை வேண்டும் என்பதால் நிலமும் ஏற்றாற்போல எழும்பிக் கொடுத்தது. பக்கத்து வீட்டு வேலியில் ஒரு கீறல்கூட விழவில்லை. அகலம் பழைய அகலம்தான். ஆனால் உடுப்புக் காயப்போடப் போனவர்கள் பாதி வழியில் காதடைத்து நின்றார்கள். உச்சியில் சித்திரையிலும் பனி கிடந்தது. குசினியின் பின்கதவு திறந்திருந்தால் தண்ணீர் சரியாகச் சூடேறுமுன்னரே கொதித்துவிடும். சோறு அரிசியாகவே இருக்கும். பிரஷர் குக்கர் வாங்கிய பிறகு அந்தக் கரைச்சல் இருக்கவில்லை.

திரும்பி வந்த கமலாம்பிகை குப்பைத் தொட்டியில் தயிர்க் கோப்பைகளைப் பார்த்தார், வெளியே காட்டைப் பார்த்தார். ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“என்ரை கண்டு எங்கை, ஸ்ரீ அண்ணை?”

“கொஞ்சம் உயரமா வளர்ந்திட்டுது.”

“அப்ப ரசத்துக்கு நான் எதைப் போடுறது? இந்தப் பைன் ஊசியிலையளையோ?”

அந்த இடத்தில் வேறொரு மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். அல்லது அவ்வளவு தயிரையும் ஏன் சுமந்தேன் என்றாவது சொல்லியிருப்பான். ஸ்ரீஸ்கந்தராஜா, ஊசி ரசம் தடிமனுக்கு நல்லது, கடை போடுவம் என்றார். கமலாம்பிகை சிரித்துவிட்டு மேலே போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த வருசங்களும் ஏறக்குறைய இதே மாதிரித்தான் போயின. கமலாம்பிகையின் தமையன் டொரொண்டோவில் ஒரு எஞ்சினியரை அவருக்கு மாப்பிள்ளையாகப் பார்த்துவைத்து ஞாயிறுதோறும் போன் எடுப்பார். என்ன முடிவு என்று ஸ்ரீஸ்கந்தராஜா விளையாட்டாய்க் கேட்பார். கமலாம்பிகையும் விளையாட்டாய், பார்ப்பம் என்பார். கேட்டவர் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார்.

கவுன்சிலிலிருந்து வந்தவர், இந்த உயரத்துக்கு அனுமதி எடுக்கவில்லையே என்றார். இது கட்டடமில்லை என்று கண்டதும் வேறு பகுதியைக் கேட்கச் சொன்னார். அந்தப் பகுதி இன்னொரு பகுதியைக் காட்டியது. கடைசியில் மரங்களைப் பற்றிப் படித்த இசபெல் என்ற பெண் மண்வெட்டியோடு வந்தார். வெட்டிய குழியில், மேலே மக்காத ஊசிகள் கறுத்துக் கிடந்தன. கீழே சத்தெல்லாம் கழுவுண்ட சாம்பல் மணல். அதற்கும் கீழே துருச் சிவப்பு. ஊசி விழுந்தால் மண் இன்னும் புளிக்கும், புளித்த மண்ணில் மற்றப் பயிர்கள் அநேகம் வராது, பைனுக்கு அது வசதி என்று இசபெல் சொன்னார். வேர்களை வெள்ளை நூலாய்ச் சுற்றியிருந்த பூஞ்சணத்தையும் காட்டினார். மண் ஒளித்துவைத்திருக்கும் சத்தை அது மரத்துக்குத் தேடிக் கொடுக்குமாம். மரம் பதிலுக்குச் சீனி கொடுக்குமாம்.

கமலாம்பிகை குழியை எட்டிப் பார்த்தார். “விளங்குது. தானே ஊசியைக் கொட்டிக் கொட்டிப் பக்கத்திலை ஒண்டையும் முளைக்க விடாது. எங்கடை ஸ்ரீ அண்ணை பகிடி விடுற மாதிரி.”

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அந்தக் குத்தல் நோகவில்லை. அண்ணை என்றதுதான் நொந்தது.

காடு தன்பாட்டில் முற்றியது. அலகின் நுனிகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மாறிக் கிடந்த சிவப்புக் குருவிகள் வந்து காய்களைப் பிளந்து விதை தின்றன. எறும்புகள் ஊசிகளைக் குவித்து இடுப்பளவு புற்றுக் கட்டின. 1991இல் வீட்டுக்காரர் மகாலிங்கத்துக்கு வீட்டை விற்கும் யோசனை வந்தது. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கணக்காளர் அவர். “மலையோட வீடு யாருங்க வாங்குவா?” என்று கேட்டு, மண்ணின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தூளை மூட்டையாய் இறக்கி அடிவாரத்தில் கொட்டினார். கொட்டிய இடத்தில் பைன்கள் மஞ்சளடித்தன, நிலம் தாழ்ந்தது, சாதாரணப் புல் முளைத்தது. புல்லைக் கண்ட அன்றே கமலாம்பிகை அலுமாரிமேல் கிடந்த பயணப் பெட்டியை இறக்கித் தூசு தட்டினார். வீடு கைமாறினால் டொரொண்டோதான் என்று தமையனிடம் சொல்லியாயிற்று. ஸ்ரீஸ்கந்தராஜா அந்தக் கோடை முழுவதும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பகிடி விட்டார், சரியாகச் சாப்பிடவில்லை.

இலையுதிர் காலத்தில் மேலே நின்ற மரங்கள் தங்கள் பழைய ஊசிகளைச் சுண்ணாம்பின்மேல் கொட்டின. மழை பெய்தது. ஒன்றிரண்டு வருசத்தில் மண் மறுபடி புளித்து, தாழ்ந்த நிலம் மேலே வந்தது. மகாலிங்கம் இன்னொரு தரம் சுண்ணாம்போடு ஏறி, கால் பிரண்டு இறங்கி, விற்கும் யோசனையை விட்டார். வாடகை விளம்பரத்தில் மலைக்காட்சி உண்டு என்று சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போய் வருகிறவர்கள், வெக்கையான நாளென்றால் ஒரு சுவெற்றரோடு அந்தப் பின்வளவுக்கும் போய் வந்தார்கள். ஒருவருக்கும் அது புதினமாய் இருக்கவில்லை.

கமலாம்பிகை மாத்திரம் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றவில்லை. 1994 ஆவணியில் தமையன் டிக்கெட்டையே அனுப்பிவிட்டார். அது வந்த பின்னேரம் அவர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு, பைன்களுக்குக் கீழே பற்றையாய்க் கிடந்த கருநீலப் பழங்களை ஆய மலையேறினார். சற்றுப் பொறுத்து ஸ்ரீஸ்கந்தராஜாவும் ஏறினார். கனடாக் குளிரையும் எஞ்சினியரின் சோற்றையும் சேர்த்து நல்ல பகிடி ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டுதான் புறப்பட்டார். எறும்புப் புற்றடியில் பகிடியின் முன்பாதிக்கு மூச்சுக் காணாமல் போயிற்று. மரங்கள் குட்டையாகி, காற்றுக்குச் சரிந்து நின்ற இடத்தில் பின்பாதியும் போயிற்று. பற்றைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவரிடம் ஒரு வசனத்துக்கு மட்டுமே காற்று மிஞ்சியிருந்தது.

“போகாதையும். என்னோடை இரும்.”

கமலாம்பிகை பழம் ஆய்ந்த கையை நிறுத்திவிட்டு, அவர் வழக்கமாகத் தொங்கவிடும் பகிடி வாலுக்காகக் காத்திருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா மூச்சு வாங்கினாரே தவிர, வேறொன்றும் வரவில்லை.

“பகிடியோ?”

“இல்லை.”

“கலியாணமோ கேக்கிறீர்?”

“ஓம்.”

ஒரு மேகம் அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவே நுழைந்தது. கமலாம்பிகை டப்பாவை மூடினார்.

“ஓம், கட்டுறன். மேகம் மூடுது, வாரும், இறங்குவம்.”