ஆறின எஞ்சின்

கலந்தர் நானா ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது முருங்கன் சந்தியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது நானாவுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

நோன்பு மாதத்தில் பேசாலை மீன் முதலாளி மில்ரன் சம்மாட்டியின் லொறி மூன்று தடவை அவருடைய கராஜுக்கு வந்தது. வவுனியாவுக்கு மீன் கொண்டுபோகும் வழியில் வண்டி திடீரென்று நின்றுவிடுகிறது, முக்கால் மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் கிளம்புகிறது என்றான் சாரதி யோசேப். மூன்று தடவையும் அது வந்தது மறுநாள் காலையில். மூன்று தடவையும் திறப்புச் சாவியைத் திருப்பிய உடனே நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆனது. ஸ்கானரைப் பொருத்திப் பார்த்தால் ஒரு பிழையும் பதிவாகி இருக்கவில்லை.

"சூட்டில பாருங்கோ நானா. மத்தியானம் ஒருக்கா என்னோட ஓடிப் பாருங்கோ" என்று யோசேப் ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

நோன்பு பிடித்த உடம்பு. பகல் பன்னிரண்டுக்கே கராஜைப் பூட்டிவிட்டுப் படுக்கப் போகிறவர் நானா. மூன்றாம் தடவை சம்மாட்டியிடம், "வண்டியில ஒண்டும் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைச் சம்மாட்டி தானாகவே கூட்டிக்கொண்டார். வண்டியில் இல்லையென்றால் ஆளில்தான். வழியில் நிறுத்தி மீனை விற்கிறான் என்று முடிவு கட்டி, பேசாலைக் கரையில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் கள்ளன் என்று சொல்லித் திறப்பைப் பறித்தார். "கலந்தர் நானாவே சொல்லிப்போட்டார்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு யோசேப்பை நம்பி ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. அவன் மனைவி மார்த்தா மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவதையே விட்டுவிட்டாள் என்ற கதை நானாவின் காதுக்கும் வந்தது. நானா கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

பெருநாள் கழிந்து மூன்றாம் வாரம் மில்ரனிடமிருந்து போன் வந்தது. யோசேப்புக்குப் பிறகு சம்மாட்டியே லொறியை ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற் குளிரில் போய் வந்ததால் வண்டி வாலாட்டவில்லை. அன்று மீன் வரப் பிந்தி, நல்ல வெயிலுக்குள் கிளம்பியிருக்கிறார். முருங்கனைத் தாண்டி இரண்டு கிலோமீற்றரில் நடுவழியில் நிற்கிறார்.

நானா ஸ்கானரையும் மீற்றரையும் எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போனார். எஞ்சினில் கை வைக்க முடியாத சூடு. ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஸ்கானர் இந்தத் தடவை வாய் திறந்தது: கேம்ஷாப்ட் சென்சரிலிருந்து தகவல் இல்லை. கேம்ஷாப்ட் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அந்தச் சென்சர் சொன்னால்தான் எந்த சிலிண்டருக்கு எப்போது எரிபொருள் விடுவதென்று வண்டியின் கம்பியூட்டருக்குத் தெரியும்.

அதற்காக உடனே சென்சரைக் குற்றம் சொல்ல நானா தயாராக இல்லை. வயர் அறுந்திருந்தாலும் இதே பிழைதான் காட்டும். மீற்றரை வைத்துப் பார்த்தார். சென்சருக்குக் கரண்ட் போகிறது, எர்த் இருக்கிறது, வயரை எப்படி ஆட்டினாலும் குறையில்லை. ஆனால் எஞ்சினைச் சுற்றும்போது சென்சரிலிருந்து வரவேண்டிய சிக்னல் மட்டும் வரவில்லை.

"பெட்டியிலயிருந்து கொஞ்சம் ஐஸ் எடுங்கோ தம்பி" என்றார்.

மீன் வாசத்தோடு வந்த ஐஸைத் துணியில் சுற்றிச் சென்சரின் மேல் ஐந்து நிமிடம் பிடித்திருந்தார். திறப்பைத் திருப்பினால் முதல் அடியிலேயே பிடித்தது. ஐஸை எடுத்து, பொனற்றை மூடி, ஓடவிட்டார். இருபது நிமிடத்தில் நின்றது. மறுபடி ஐஸ், மறுபடி ஓடியது. தேவையில்லாமலே மூன்றாம் தடவையும் செய்து பார்த்தார். சென்சர் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கிறது.

"அப்ப முந்தி ஏன் உங்கட மெசினில ஒண்டும் காட்டேல்ல?" என்று மில்ரன் கேட்டார்.

நானாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "இரவில பற்றறியைக் கழட்டி வைக்கிறனீங்களோ?"

மில்ரன் திறப்பு வளையத்தைத் தூக்கிக் காட்டினார். திறப்போடு ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர் தொங்கியது. "ஒவ்வொரு நாளும் யோசேப்பின்ர கண்ணுக்கு முன்னாலயே கழட்டுறனான். ஆள் இரவில களவா எடுத்து ஓடினாலும் எண்டு..." நானாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பற்றறியைக் கழற்றினால் இந்த வண்டியில் பதிவான பிழையெல்லாம் அழிந்துபோகும். யோசேப் பகலில் பட்டதற்கு இருந்த ஒரே சாட்சியை, அவன் மேலுள்ள சந்தேகத்தால் முதலாளியே இரவில் அழித்திருக்கிறார். மறுநாள் காலையில் அந்த வெறும் பதிவைப் பார்த்து நானா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நானாவுக்கு வெட்கமாக இருந்தது. மாதம் முழுக்கப் பசியையும் தாகத்தையும் பொறுத்தவருக்கு ஒரு மனிதனுக்காக ஒரு மத்தியான வெயிலைப் பொறுக்க முடியவில்லை. அதுவும் நோன்பு வாயால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்.

மில்ரன் குரலைத் தாழ்த்தினார். "காதும் காதும் வைச்ச மாதிரி ஆளைக் கூப்பிட்டு வேலையைக் குடுக்கிறன் நானா. ஊருக்குத் தெரியத் தேவையில்லை."

"கள்ளன் எண்டு சொன்னது காதுக்குள்ளயோ தம்பி?"

மறுநாள் காலை ஏல நேரத்துக்கு நானா பேசாலைக் கரையில் நின்றார். யோசேப் யாருடைய மீனுக்கோ கூலிக்குப் பெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். நானா கழற்றிய சென்சரைக் கையில் உயர்த்திப் பிடித்தார்.

"வண்டியில ஒண்டும் இல்லை எண்டு சொன்னது நான். பிழை என்னில. ஆறின எஞ்சினைப் பார்த்துச் சொன்னனான். இவன் சொன்னது அவ்வளவும் உண்மை."

யோசேப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"மூண்டுதரம் கேட்டனான் நானா."

"ஓம். கேட்டனீ." நோன்பு என்ற சாட்டு நானாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

எல்லோரும் மில்ரனைப் பார்த்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை. பற்றறி கழற்றும் ஸ்பானரை வளையத்திலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திறப்பை மட்டும் நீட்டினார்.

யோசேப் சாரத்தில் கையைத் துடைத்தான். திறப்பை வாங்கவில்லை.

"அந்த ஸ்பானரையும் தாங்கோ சம்மாட்டி" என்றான்.

மில்ரனின் கை சட்டைப்பைக்குள் போனது. வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.