குதிரை வாலும் இரண்டாம் சாட்சியும்

விழுப்புரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பத்திர எழுத்தர் திருமுருகனுக்கு உலகத்தில் இரண்டு வகைத் தாள்கள்தான் உண்டு. ஒன்று முத்திரைத்தாள். அதை வைத்து அவர் பிழைக்கிறார். இன்னொன்று காமிக்ஸ் புத்தகத்தின் தாள். அதற்காகத்தான் அவர் பிழைக்கிறார் என்பது அவர் மனைவி சித்ராவின் கட்சி.

படிக்கிற காமிக்ஸாக இருந்தால் சித்ரா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். திருமுருகன் சேர்ப்பது படிக்கக் கூடாத காமிக்ஸ். முனை மழுங்காத, மடிப்பு விழாத பழைய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார். அங்கே பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். பிறகு கண்ணாடி மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு மேல் அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் மதிப்பெண் போய்விடும்.

"படிக்கவும் கூடாது, தொடவும் கூடாதுன்னா அதுக்குப் பேரு புத்தகமாங்க?" என்பாள் சித்ரா. "நம்ம புள்ள கணக்குல எவ்ளோ வாங்கினான்னு கேட்டா முழிப்பீங்க. புத்தகம் எவ்ளோ வாங்குச்சுன்னு கேட்டா ஜல்தியா சொல்லுவீங்க."

பிள்ளை வாங்கியது நாற்பத்தொன்று என்பது திருமுருகனுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு கருணைதான்.

அவரிடம் இருந்தவற்றுள் தலைமகன், 'கோமேதகனும் பனைத்தீவுப் பூதமும்'. 1986-இல் வந்தது. புதுச்சேரியில் ஒரு பழைய பேப்பர் கடையில், பிரிக்காத கட்டின் அடியில் கிடைத்தது. அட்டையில் கன்னங்கரிய வானம். அதில் கோமேதகன் என்ற வீரன் வெள்ளைக் குதிரையில் பாய்கிறான். பாய்கிற குதிரைக்கு வால் இல்லை. அது ஓவியரின் மறதியா, அச்சகத்தின் கோளாறா என்று சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு வருடமாகச் சண்டை நடக்கிறது.

அதே புத்தகம், விழுப்புரத்திலேயே செல்போன் கடை வைத்திருந்த பிரவீன்குமாரிடமும் இருந்தது. ஒன்பது புள்ளி இரண்டு வாங்கியது. குழுவில் காலை வணக்கம் சொல்லும்போதுகூட பிரவீன்குமார் அந்தப் படத்தைத்தான் போடுவான். திருமுருகனின் பிரதி இன்னும் மதிப்பீட்டுக்குப் போகவில்லை. போனால் ஒன்பது புள்ளி ஆறுக்குக் குறையாது என்பது அவர் நம்பிக்கை. அதோடு, அதை வரைந்த ஓவியர் விருத்தாசலத்தின் கையெழுத்தும் அட்டையில் விழுந்துவிட்டால் அதை மிஞ்ச தமிழ்நாட்டில் ஆளில்லை.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. கையெழுத்து, நிறுவனத்தின் ஆள் கண்ணெதிரே விழ வேண்டும். அவர்தான் சாட்சி. சாட்சி இல்லாமல் விழுந்தால் அது கையெழுத்தே இல்லை, அட்டையில் கிறுக்கல். மதிப்பெண் பாதியாகிவிடும். நாள் முழுக்கச் சாட்சிகளோடு பழகும் திருமுருகனுக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. முறையாக நடக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டார்.

ஓவியர் திண்டிவனத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆனது. நிறுவனத்தின் ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து அங்கே வருவதாக முடிவானது. அன்று கிருத்திகை. மாதக் கிருத்திகைக்கு மயிலம் மலையேறுவது திருமுருகனின் வழக்கம். ஆனால் புத்தகத்தை வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டு எப்படிப் போவது? கூட்டேரிப்பட்டில் காரை ஓரங்கட்டி, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். 'முருகா, ஒன்பது புள்ளி ஆறு குடு. அடுத்த கிருத்திகைக்கு வந்து பாத்துக்கறேன்.'

கண்ணைத் திறந்தபோது காருக்கு முன்னால் முனியம்மாள் நின்றிருந்தாள்.

பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்பவள் அவள். பத்திரத்துக்குச் சாட்சி குறைந்தால் ஆதார் அட்டையை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஐம்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றவள். யாராவது கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினால் அன்று அவர்களுக்கு மல்லாட்டை கிடையாது.

"ரைட்டர் தம்பி, ரோட்டப் பாத்துக் கும்புடுறியே, எந்தச் சாமி?"

"மயிலத்தைத்தான்க்கா. நீங்க எங்க இங்க?"

"மலைக்குப் போயிட்டு வர்றேன். திண்டிவனத்துல எம் பொண்ணு இளவரசி ஊட்டுக்குப் போவணும். ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது."

வண்டியில் இடமிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருமுருகன் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"முன்னால யாரும் இல்லியே?"

"புத்தகம் இருக்குதுக்கா."

முனியம்மாள் எட்டிப் பார்த்தாள். முன் இருக்கையில் உறைக்குள் ஒரு காமிக்ஸ் சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவள் பின்னால் ஏறினாள். பெரிய மனிதர்கள் வண்டியில் பெரிய மனிதர்கள் முன்னால் உட்காருவது சகஜம்தானே.

கொஞ்ச தூரம் போனதும் மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். முதலில் திருமுருகன் நெற்றியில் பூசினாள். அடுத்து அவள் விரல் புத்தகத்தின் பக்கம் நீண்டபோது கார் ஒருமுறை குலுங்கி நேரானது.

"அக்கா, அதுக்கு வேணாம். அதுல ஒரு தூசுகூடப் படக் கூடாது."

"சாமி துன்னூறு தூசாடா தம்பி?"

"இல்லக்கா, அது இன்னும் குளிக்கல" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதை முனியம்மாள் ஏற்றுக்கொண்டாள். வழியில் அவர் விஷயத்தைச் சொன்னார். ஒரு பெரியவர் கையெழுத்துப் போடுகிறார், அதற்குச் சாட்சி வேண்டும், சாட்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு ஆள் வருகிறார்.

"சாட்சிக்கு மெட்ராஸ்லருந்தா? நான் செத்தா பூட்டேன்?" என்றாள் முனியம்மாள். திருமுருகன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். ஆனால் அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது சீட்பெல்ட்டை.

ஓவியர் விருத்தாசலத்துக்கு எழுபத்தெட்டு வயது. ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இரண்டு அறை வீடு. அந்த மெட்ராஸ் சாட்சியைப் பார்த்துவிட்டே மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று முனியம்மாளும் கூடவே இறங்கினாள். வந்தவர்களுக்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். நிறுவனத்திலிருந்து வந்த ராஜ்குமார் முன்னமே வந்து, வெள்ளைக் கையுறை மாட்டி உட்கார்ந்திருந்தான்.

"டாக்டருங்களா?" என்று முனியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"சாட்சிம்மா" என்றான் ராஜ்குமார்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கையுறை போட்ட சாட்சியை அவள் கண்டதில்லை.

மின்விசிறியை நிறுத்தினார்கள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் புத்தகத்தை வைத்தார்கள். விருத்தாசலம் வெள்ளி நிறப் பேனாவைக் கையில் வாங்கி, செய்தித்தாளின் ஓரத்தில் நான்கு தடவை போட்டுப் பார்த்தார். விரல் நடுங்கியது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரிய வானத்தின் இடப்பக்கம் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் கோணல். ஆனால் அவருடையது. திருமுருகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் மை காயட்டும். யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு ராஜ்குமார் அடுத்த நாற்காலியில் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தான்.

இங்கேதான் திருமுருகனுக்கு விதி தொழில் வடிவத்தில் வந்தது. தன் எதிரே இன்னொருவர் படிவம் நிரப்புவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பத்திர எழுத்தராலும் முடியாது. "தகப்பனார் பேருக்குக் கட்டமே இல்லியே தம்பி? சாட்சி விலாசம் எங்க எழுதறது? இத யாரு தயார் பண்ணாங்க?" என்று அவனோடு சேர்ந்து குனிந்துவிட்டார். இருவர் முதுகும் மேஜையின் பக்கம் திரும்பியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் நடந்தது இது. பிற்பாடு ஓவியர் சொல்லித்தான் தெரிந்தது.

"அய்யா, ரெண்டாவது சாட்சி யாருங்க?" என்று கேட்டிருக்கிறாள் முனியம்மாள்.

"தெரியலம்மா. ஒருத்தரு போதும்னாங்க."

"போதாதுங்கய்யா. போன மாசம் ஒத்த சாட்சியோட வந்த பத்திரத்தைத் திருப்பி அனுப்பிச்சிட்டாரு ரிஜிஸ்தாரு. பாவம், தம்பி இந்தப் புத்தகத்துக்குப் பெல்ட்டெல்லாம் போட்டு எடுத்துக்கினு வந்திருக்குது. என்னையும் வெயில்ல விடாம ஏத்திக்கினு வந்துச்சு. இதுகூடச் செய்யலன்னா நான் என்ன மனுஷி?"

விருத்தாசலம் இதுவும் நிறுவனத்தின் முறை என்று எண்ணிவிட்டார். "இங்க எடம் இருக்குதும்மா" என்று குதிரைக்குக் கீழே விரலால் காட்டினார். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

திருமுருகன் திரும்பியபோது முனியம்மாள் நாக்கு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வானத்தில் நட்சத்திரம் மாதிரி வெள்ளி எழுத்துகள் மினுங்கின.

'சாட்சி: முனியம்மாள், க/பெ கண்ணையன், மாரியம்மன் கோயில் தெரு, விழுப்புரம்.'

"ஒரு தப்பு இல்லாம போட்டுட்டேன் தம்பி" என்று அவள் நிமிர்ந்தாள். "செல்லும்ல?"

ராஜ்குமாரின் வாய் திறந்தது. திருமுருகனின் தொண்டைக்குள் ஒரு கூட்டம் வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. இரண்டு வருடத் தேடல், ஒன்பது புள்ளி ஆறு, பிரவீன்குமார், எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தன. ஆனால் எதிரே நின்ற முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிலேட்டை நீட்டும்போது வருமே, அந்த எதிர்பார்ப்பு இருந்தது. அவள் நெற்றியில் மயிலத்து விபூதி. தன் நெற்றியிலும் அதே விபூதி, அதே விரல் பூசியது. திருமுருகன் ராஜ்குமாரின் கையுறைக் கையை அழுத்திப் பிடித்தார்.

"செல்லும்க்கா" என்றார். குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. "நல்லா போட்டிருக்கீங்க."

"மை விரல்ல ஒட்டிக்கிச்சு. கழுவிக்கினு வர்றேன்" என்று அவள் கொல்லைப்பக்கம் போனாள்.

"சார், இனிமே இதுக்கு அஞ்சு வந்தா பெருசு" என்றான் ராஜ்குமார் அழாத குறையாக. "நான் இருக்கறப்பவே நடந்திருக்கு. என்னை என்ன சொல்லுவாங்களோ."

அப்போதுதான் ஓவியருக்கு விளங்கியது. "ஐயோ, நான்தானே எடம் காட்டினேன்" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"விடுங்கய்யா. அந்தக்கா காதுல மட்டும் விழ வேணாம்" என்றார் திருமுருகன். சொன்ன பிறகு, மூச்சு விடுவது கொஞ்சம் எளிதாக இருப்பதை உணர்ந்தார். பெல்ட்டைக் கழற்றியது போல.

விருத்தாசலம் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, எப்படியும் மார்க்கு போயிடுச்சு. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"அன்னைக்கு அச்சாபீஸ் ஆளு வாசல்ல நின்னு அவசரப்படுத்தினான். ஈரத்தோட புடுங்கிக்கினு போயிட்டான். வால் போடல. நாப்பது வருஷமா மனசுல அரிச்சிக்கினே இருக்குது. ரெண்டு இழுப்புதான். போட்டுடட்டுமா?"

ராஜ்குமார் கண்ணை மூடிக்கொண்டான். திருமுருகன் வெள்ளிப் பேனாவை எடுத்து ஓவியரிடம் நீட்டினார். இந்த முறை அந்த விரல் நடுங்கவில்லை. இரண்டு இழுப்பில் வால் விழுந்தது. காற்றில் பறக்கிற, பூதத்தையே விசிறியடிக்கிற வால். ஆறு வருட வாட்ஸ்அப் சண்டை அரை நிமிடத்தில் முடிந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெட்டி வந்தது. நான்கு புள்ளி ஐந்து. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ராஜ்குமார் பொறுமையாக மூன்று வரி தட்டச்சு செய்திருந்தான். ஓவியரின் கையொப்பம். குதிரையின் வால் ஓவியராலேயே பின்னர் சேர்க்கப்பட்டது. இரண்டாம் சாட்சி, முனியம்மாள், விழுப்புரம். அந்த மூன்றாவது வரியைப் போட வேண்டிய கட்டாயம் அவனுக்கு எந்த விதியிலும் இல்லை.

குழுவில் படத்தைப் போட்டதும் பிரவீன்குமாரின் முதல் பதில் வந்தது. "அண்ணே, வில்லங்கச் சான்று எடுத்தீங்களா? பட்டா மாத்தியாச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். திருமுருகனும் சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்து அதே பிரவீன்குமார் தனியாக எழுதினான். "அண்ணே, அந்த ஓவியர் விலாசம் கெடைக்குமா? என் குதிரைக்கும் வால் வேணும். பெட்டிய ஒடைச்சிடலாம்னு பாக்கறேன்."

திருமுருகன் பெட்டியை வீட்டு பீரோவில் வைக்கவில்லை. கடையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஆணியடித்து மாட்டினார். சித்ரா வந்து பார்த்துவிட்டு, "முதல் தடவையா ஒரு புத்தகத்துல படிக்கறதுக்கு நாலு எழுத்து வெளிய இருக்குது" என்றாள்.

மதியம் முனியம்மாள் மல்லாட்டைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பெட்டியருகே வந்து தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கணவன் பெயரையும் தெருவையும் படித்தாள். பிறகு மேலே இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"பத்துக்கு நாலரைதானா தம்பி?"

"ஆமாக்கா."

அவள் ஓவியரின் கையெழுத்தையும் தன்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி திருமுருகன் பக்கம் குனிந்தாள்.

"வருத்தப்படாத. அந்தப் பெரியவரு கையெழுத்து கோணல். அதான் கொறைச்சிட்டாங்க. அவருகிட்ட சொல்லிடாத, பாவம், மனசு ஒடைஞ்சிடுவாரு."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றார் திருமுருகன்.

ஒரு படி மல்லாட்டையை அவர் மேஜையில் கொட்டிவிட்டு அவள் வேப்பமரத்தடிக்குப் போனாள். அடுத்த நாள் கிருத்திகை. திருமுருகன் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் மலையேறினார்.