சுமையை இறக்கு

மார்கழிப் பனியில் நனைந்து விறைத்துக் கிடந்த கூடாரத் துணியை முழங்காலால் அமுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள் மலையடிவாரக் குரங்கணி ஊர்ச் சுமைகாரர்கள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. கயிற்றை இழுத்து இறுக்கும்போது உள்ளங்கை வெடிப்புகளில் ரத்தம் கசிந்தது. சிலர் புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கணுக்காலில் பூசிக்கொண்டார்கள். மலைக்காட்டுச் சோலைக்குள் கால் வைத்ததும் அட்டைகள் மொய்த்துவிடும்.

எஸ்டேட் துரையும் அவருடைய சீமை விருந்தாளிகளும் மலை உச்சியில் தங்கிச் சூரிய உதயம் பார்க்கப் போகிறார்கள். அதற்காக இரும்புக் கட்டில், பிஸ்கட் டின், சாராயப் பெட்டி, குளிக்கிற தொட்டி எல்லாம் மனிதத் தலையில் ஏறியாக வேண்டும். போன தடவை நாலு பேர் தூக்கிய கூடாரத்தை இந்தத் தடவை மூன்று பேர் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர் வைகுண்டராஜ்.

நாலாவது ஆளாக இருந்தவன் ராக்கையா. ஐப்பசியில் இதே துரைக்குக் கூடாரத்தோடு ஒரு பெட்டியும் தூக்கிப் போனவன், பாதி மலையில் குளிர்காய்ச்சல் கண்டு விழுந்தான். கொட்டுகிற மழை. மேலே போர்த்த ஒரு சாக்குத்தான் இருந்தது.

"அவன் பெட்டிய மத்தவங்க தூக்குங்கலே. திரும்பி வரையில கூட்டிக்கிருவோம்" என்றார் வைகுண்டராஜ்.

சுருளியாண்டி தன் சுமைக்கு மேல் அந்தப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டான். திரும்பி வரும்போது ராக்கையா பாறைக்கடியில் பிணமாகக் கிடந்தான். பெட்டியிலிருந்த கண்ணாடிக் குவளைகளில் ஒன்றுகூட உடையவில்லை.

ராக்கையாவின் மனைவி மூக்கம்மாள் அதன்பின் சுருளியாண்டியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அவளே சுமை தூக்க வந்திருந்தாள். துரையின் மட்டக்குதிரைகளுக்குக் கம்பளி தைக்கிற வேலையையும் காண்ட்ராக்டர் அவளிடம் கொடுத்திருந்தார். தைத்ததைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குதிரைக்குத் தச்சாச்சுங்கய்யா. எங்களுக்கு?"

"சாக்கு இருக்குல்ல."

"சாக்கப் போத்திக்கிட்டுத்தேன் எங்க வீட்டுக்காரக செத்தாக."

"காய்ச்சல்ல செத்தான். அதுக்கு நான் என்ன செய்ய? குதிரைய வெல குடுத்து வாங்கியிருக்கு மூக்கம்மா. ஒண்ணு செத்தாலும் நான் துரைக்குப் பதில் சொல்லணும்."

"எம் புள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"தூக்குறதுன்னா தூக்கு. இல்லையா, வீட்டப் பாத்துப் போ."

அவள் போகவில்லை. ஆட்கள் பக்கம் திரும்பினாள். அவள் கோபத்தில் பாதி அவர்கள் மேல்தான் இருந்தது.

"ஒங்களையுந்தேன் கேக்கேன். நாளைக்கு நான் அங்கன விழுந்தா என்ன செய்வீக? எம் பெட்டியத் தூக்கிக்கிட்டு நடையக் கட்டிருவீகளா?"

சுருளியாண்டி தலையில் ஏற்றிவிட்ட சுமையை மெல்லக் கீழே இறக்கினான்.

"அன்னைக்கே எறக்கியிருக்கணும் தங்கச்சி. அவரு என்னையப் பாத்துக்கிட்டேதேன் கெடந்தாரு. நான் பெட்டியத்தேன் எடுத்தேன்."

பிறகு காண்ட்ராக்டரை நேராகப் பார்த்தான். "ஆளுக்கொரு கம்பளி வேணும். கூடாரத்துக்கு நாலு ஆளு வேணும். வழியில எவன் விழுந்தாலும் மொதல்ல அவனக் கீழ கொண்டாரணும், சாமான் கெடக்கட்டும். சம்மதம்னா தூக்குறோம்."

"எவன்டா ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"ராக்கையாதேன்."

குளிக்கிற தொட்டி கல்லில் மோதிக் கணீரென்றது. அடுத்துக் கட்டில் இறங்கியது. கூடாரம் இறங்கியது. ஒவ்வொருவராகப் பாதையின் குறுக்கே உட்கார்ந்தார்கள்.

வேறு ஆள் பிடித்துவர வைகுண்டராஜ் பக்கத்து ஊரான முந்தலுக்கு வண்டி அனுப்பினார். வெயில் ஏறியது. தொப்பியும் கைத்தடியுமாக வந்து நின்ற துரை, விருந்தாளிகள் முன்னால் கூனிக் குறுகி ஏதேதோ சமாதானம் சொன்னார். உச்சிப்பொழுதில் முந்தல் ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கிய கருத்தக்கண்ணன் நேரே கூடாரக் கட்டுக்குப் போய்க் கயிற்றில் கை வைத்தான்.

"தூக்குங்கண்ணே, தடுக்கல" என்றாள் மூக்கம்மாள். "தூக்குறதுக்கு முன்ன இதைக் கேட்டுக்கிருங்க."

ஐப்பசி மழையில் நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. முழுக்கக் கேட்ட கருத்தக்கண்ணன் காண்ட்ராக்டரைப் பார்த்தான்.

"நெசமா?"

"ஒனக்கெதுக்கு அந்தக் கதை? கூலி கூடப் போட்டுத் தாரேன், தூக்கு."

"நான் கூலியக் கேக்கல. உசுரோட இருந்த ஆள விட்டுட்டுப் போனது நெசமா?"

வைகுண்டராஜ் துரை பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கருத்தக்கண்ணன் கயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

துரை இங்கிலீஷில் கத்தினார். காண்ட்ராக்டர் வண்டியில் தாவி ஏறினார். "போடிக்குப் போயி போலீசோட வாரேன். அம்புட்டுப் பேரும் கம்பி எண்ணப் போறீக."

சிலர் வண்டி போன புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பளியும் வரவில்லை, கூலியும் போயிற்று, இனி லத்தி வரும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இங்கன எடமிருக்கா?" என்று கேட்டான் கருத்தக்கண்ணன்.

"தள்ளி உக்காருங்கண்ணே" என்றாள் மூக்கம்மாள் சுருளியாண்டியிடம். அவன் நகர்ந்தான். கருத்தக்கண்ணன் நடுவில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் முந்தல் ஆட்களும் தோள்துண்டை உதறிக்கொண்டு வந்தார்கள். வரிசை நீண்டுகொண்டே போய் பாதையோர ஓடைக்கரையைத் தொட்டது. மலைக்கு ஏறுகிற பாதை அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.