அடி மாங்காய்

பெண் பார்க்கும் இடத்தில் கேசரியும் பஜ்ஜியும் இருக்கும் என்று நம்பித்தான், வெங்கடரமணன் புத்தூரிலிருந்து வேட்டி மடிப்பைத் திருப்பதி வரை காப்பாற்றிக்கொண்டு வந்தார். பெண் தரணியோ, "முதலில் ஆர்ட் கேலரிக்கு வாருங்கள். அங்கே மாதம் ஒரு கண்காட்சி மாறும், இந்த மாதம் என் படைப்பும் இருக்கிறது, காபி பிறகு வீட்டில்" என்று சொல்லிவிட்டாள்.

"உள்ள வந்து வாயத் தொறக்காத நைனா," என்றான் மகன் யஸ்வந்த். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் அந்த வாயால்தான் போயிருந்தன.

முதல் சுவரில் வெள்ளைத் துணி. அதன்மேல் இன்னொரு வெள்ளைச் சதுரம். மனைவி அம்சவேணியின் காதில், "சுண்ணாம்பு அடிச்சவன் பாதியில சோறு துன்னப் போயிட்டான் போல," என்றார். அடுத்து, ஆணியில் தொங்கும் சைக்கிள் ட்யூப். நாலு பேர் அதன் முன்னால் ஏழுமலையான் சன்னிதி போல் உருகி நின்றார்கள். அங்கேயாவது 'ஜரகண்டி' என்று தள்ளிவிட ஆளுண்டு.

"இதுக்கு ஏசி வேற. நம்ம மாட்டுக் கொட்டாய்ல ஒரு ஃபேன் இல்ல."

"சும்மா வர்றியா, இல்லியா?" என்று பல்லைக் கடித்தாள் அம்சவேணி.

உள்ளறையில் தரணி நின்றிருந்தாள். தரையில் தோத்தாபுரி மாங்காய்க் குவியல். எல்லாம் சுட்ட மண்ணில் செய்து பச்சை பூசியவை. போன வருஷம் விலை போகாமல் தன் தோப்பு மாங்காயை ஒரு டிராக்டர் லோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு, அதையும் ஊர் சிரிக்கக் கதையாகச் சொன்னவர் வெங்கடரமணன். ரோட்டில் கொட்டினால் குப்பை, விளக்குப் போட்டுக் கொட்டினால் கலை! வாயை அடக்கிக்கொண்டார். ஆனால் கைக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை.

மாங்காய் மண்டியில் வாங்க வருகிறவன் எவனும் குவியலின் மேற்பக்கத்தைப் பார்க்கமாட்டான். நல்லது மேலே, அழுகல் அடியில் என்பது ஊரறிந்த வித்தை. அவரே செய்த வித்தையும்தான். பழக்க தோஷம், குனிந்து அடியிலிருந்து ஒன்றை உருவினார்.

குவியல் சரிந்தது. உருண்டு மோதி நாலைந்து உடைந்தன. யஸ்வந்த் கண்ணை மூடிக்கொண்டான். இந்தச் சம்பந்தம் கையால் போயிற்று.

கையிலிருந்த மாங்காய் பச்சையாக இல்லை. காம்புப் பக்கம் கறுத்து, பள்ளம் விழுந்து, நீர் வடிவதுபோல் மினுங்கியது. சரிந்து கிடந்த அடி மாங்காய்கள் எல்லாமே அப்படித்தான்.

"அழுகலு..." என்று அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"அடியில எல்லாத்தையும் அப்படித்தான் செஞ்சேன் மாமா," என்றாள் தரணி. "ஒரு மாசமா வர்றவங்க முன்னால நின்னு செல்ஃபி எடுத்துக்கினு போறாங்க. ஒருத்தரும் எடுத்துப் பாக்கல."

"ஒடச்சிட்டனேம்மா."

"நாளைக்கு எப்படியும் எடுத்துடுவாங்க. அடுத்த கண்காட்சி வருது."

"அது என்னா?"

"ஒரு காலி நாற்காலி."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தரணி சிரித்துவிட்டாள்.

"அப்போ நம்ம விஷயம்?" என்று யஸ்வந்த் மெல்ல இழுத்தான்.

"மாமாவ எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள், உடைந்த துண்டுகளைச் சேர்த்தபடி. "உங்களத்தான் இன்னும் சரியாப் பாக்கல. இப்படி வந்து பொறுக்குங்க."